கவ்வாத்து மாதத்துத் தோல்விகள்

மருந்தையா காலமாகிவிட்டார். தோட்டத்து ஆபீசுக்குத் தந்தி வந்து மூன்று நாள் கழித்துத்தான் எனக்குச் சேதி தெரிந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடித்த மேற்பார்வைக் கண்டாக்கையா, போகிற போக்கில், "நம்ம பழைய டிஸ்பென்சரி ஐயா யாழ்ப்பாணத்துல தவறிட்டாராம்பா" என்றார். எல்லோரும் மலைக்கு ஏறிப் போனார்கள். நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அவரைப் புகழ்ந்து எழுத நான் உட்காரவில்லை. அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஹொக்கி அணியில் அவரிடம் ஆட்டம் பழகியவர்கள் இதைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மருந்தையா என்று நாங்கள் கூப்பிட்ட கந்தவனம் ஐயா எங்கள் தோட்டத்து டிஸ்பென்சர். ஏறக்குறைய என் வயதுதான். காலையில் கசப்பு மிக்சர் ஊற்றிக் கொடுப்பார். பின்னேரம் தொழிற்சாலைக்குப் பின்னால் உள்ள மேட்டில் எங்களை ஓடவிடுவார். "தடியை இறுக்காதையுங்கோ. கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரிப் பிடியுங்கோ" என்பது அவர் ஓயாமல் சொன்ன பாடம். முனுசாமி ஒருநாள், "கோழியா இருந்தா இந்நேரம் கொழம்பு வச்சிருப்போமுங்க" என்றான். ஐயா சிரித்துச் சிரித்து மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிறு மட்டும் பழகிய மாதங்களில் நாங்கள் வென்றோம். நோட்டன் பிரிட்ஜ் ஆட்களை நாலுக்கு ஒன்றென்று அடித்துவிட்டு லொறியில் பாடிக்கொண்டே வந்தோம். தேயிலைச் செடியைத் தாழ வெட்டி இறக்குகிற கவ்வாத்து மாதங்களில் தினமும் பழகினோம். அப்போதெல்லாம் தோற்றோம். அதே நோட்டன் பிரிட்ஜ் ஆட்களிடம் ஆறு கோல் வாங்கினோம், ஒன்றுகூடப் போடவில்லை. ஐயா தவித்துப் போனார். "உங்களுக்குக் கால் இருக்கு, மூச்சு இருக்கு. மனம்தான் இல்லை. ஏன் இப்பிடித் தடியை இறுக்கிறியள்?" என்று தொண்டை கிழியக் கத்தினார். மறுநாள் இன்னும் இரண்டு சுற்று கூட்டி ஓடவிட்டார்.

காரணம் எங்களுக்குத் தெரியும். கவ்வாத்தில், கொடுத்த செடிகளை வெட்டி முடித்தவன் வீட்டுக்குப் போகலாம். ஐயாவின் பழக்கத்துக்கு இரண்டு மணிக்கே வந்துவிடலாம் என்று பதினொரு பேரும் கேட்டு வாங்கிக்கொண்டு கவ்வாத்துக்குப் போனோம். நிமிராமல் வெட்டினோம். மத்தியானத்துக்குள் மணிக்கட்டு வீங்கிவிடும். மரத்துப்போன கைக்கு எதையும் லேசாகப் பிடிக்க வராது. டிஸ்பென்சரிக்குப் போனால் ஐயா ஓய்வுத் துண்டு எழுதி வேலையையும் ஆட்டத்தையும் நிறுத்திவிடுவார் என்று பயந்து, கம்பளிச் சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் முன்னால் நின்றோம். லயத்து வீட்டுக்கு வந்து உப்பும் வெந்நீரும் வைத்து ஒற்றிக்கொண்டோம். மருந்து கொடுக்கிறவரிடமே வீக்கத்தை மறைத்த மகா புத்திசாலிகள் நாங்கள்.

ஆறு கோல் வாங்கிய வாரம் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் வாசிகசாலையில் கூட்டம் வைத்தார். "ஒரு நாளு புலி, ஒரு நாளு பூனை. பழக்குறவரு கோளாறா, ஆடுறவங்க கோளாறா? கெப்டன், நீ சொல்லு" என்றார். கெப்டன் நான். ஆடுகிறவர்கள் கோளாறு என்றால் அணியைக் கலைத்துவிடுவார்கள். கையைக் காட்டினால் கவ்வாத்தும் போகும், ஆட்டமும் போகும். "பழக்குறதுலதாங்க கோளாறு. பழகப் பழகத் தோக்குறோம்" என்றேன். மற்றப் பத்துப் பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஐயா என்னைப் பார்த்தார். "அப்ப பிழை என்னிலைதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு அவர் அந்த மேட்டுக்கு வரவில்லை. பழக்க ஆளில்லாமல் அணியும் கலைந்தது. எதைக் காப்பாற்ற அவரைக் காட்டிக்கொடுத்தேனோ அதுவும் மிஞ்சவில்லை.

நோயாளியாகி அவர் ஊருக்குப் புறப்பட்ட அன்று ஹட்டன் ஸ்டேஷன்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ரயில் வருவதற்குள் அவரே கேட்டார்: "எனக்குக் கோவமில்லை. உண்மையைச் சொல்லும். நான் எங்கை பிழை விட்டனான்? எவ்வளவோ யோசிச்சுப் பாத்தன், பிடிபடேல்லை." வாய்வரை வந்தது. "பழசெல்லாம் இப்ப எதுக்குங்கய்யா. ஒடம்பப் பாத்துக்குங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ரயிலில் ஏறிக்கொண்டார். அந்த ஒரு நிமிடத்துக்காக என்னை நானே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

போன வாரம் அவருடைய தம்பி ஒரு கொப்பியைத் தபாலில் அனுப்பியிருந்தார். படுக்கையில் கிடந்தபடி ஐயா எழுதியதாம். பக்கத்துக்குப் பக்கம் எங்கள் பதினொரு பேரின் பெயர்கள். முனுசாமியை முன்னால் போட்டு, பின்னால் போட்டு, என்னை இடமும் வலமுமாக மாற்றி, எப்படி நிறுத்தியிருந்தால் வென்றிருப்போம் என்று கடைசிவரை தேடியிருக்கிறார். முடிவில் நடுங்கிய எழுத்தில் ஒரே வரி: பிழை இவர்களில் இல்லை.

அந்தக் கொப்பி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அவருடைய வரிக்குக் கீழே நான் எழுதியிருக்கிறேன்: ஐயா, எங்கள் கை வீங்கியிருந்தது.