தாய்ப்பால் வாரத்துக்குச் சேர்த்த கூட்டம்

காக்களூர் தொழிற்பேட்டையில் ஏஞ்சலினைப் பெயர் சொல்லிக் கேட்டால் பலருக்குத் தெரியாது. 'தினம் அக்கா' என்றால் போதும், கை காட்டுவார்கள். சாலைப் பாதுகாப்பு வாரம், தண்ணீர் தினம், காசநோய் தினம், கைகழுவும் தினம் என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறவள். திருவள்ளூரில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். வீடு செவ்வாப்பேட்டை.

"இன்னாக்கா, இன்னிக்கு இன்னா தினம்?" என்று கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிகள் வம்பிழுப்பார்கள்.

"வாய மூடிக்கினு வேலையப் பாக்குற தினம்" என்பாள்.

பார்க்கிறவர்களுக்கு வெட்டி வேலையாகத் தெரியும். அவளுக்கு இதன் சூட்சுமம் தெரியும். சாதாரண நாளில் ஒரு அதிகாரியைப் பார்க்க வராந்தாவில் தவம் கிடக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் போனையே எடுக்க மாட்டார்கள். விழா என்றால் இரண்டு பேரும் ஒரே மேடைக்கு வருவார்கள். சால்வை போட்டு, போட்டோ எடுத்து, பிஸ்கட் கடித்துக்கொண்டிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் காதில் போட்டால் சில காரியங்கள் நடந்துவிடும். ஒரு தண்ணீர் தினத்தில் ஒரு தெருவுக்குக் குழாய் வந்தது. ஒரு சாலைப் பாதுகாப்பு வாரத்தில் பள்ளிக்கூட வாசலுக்கு வேகத்தடை வந்தது.

இந்த ஆகஸ்டில் அவள் குறி வைத்தது ஓர் அறை. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண்கள் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க ஓர் அறை.

அது அவளுடைய சொந்தக் கணக்கு. கல்யாணமான புதிதில் இதே எஸ்டேட்டில் பேக்கிங் வேலை பார்த்தவள். மகன் ஜோஷ்வா பிறந்து மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்பினாள். மத்தியானமானால் மார்பு கட்டிக்கொள்ளும். கழிவறையில் நின்று பாலைப் பீய்ச்சிவிட்டு வருவாள். "இன்னாம்மா, தண்ணி கொட்டிக்கினியா?" என்று ஒரு நாள் சூப்பர்வைசர் சட்டையைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் சார் என்று சிரித்தாள். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை.

எஸ்டேட் முதலாளிகள் சங்கத்தின் செயலாளர் வரதன். சங்கத்துக்குச் சொந்தமான பழைய கேன்டீன் கொட்டகை பூட்டிக் கிடந்தது. அதைக் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. "தேவை இருக்குன்னு காட்டும்மா, பாக்கலாம். ஆனா அட்டைப்பெட்டி யாவாரி ஒருத்தர் செப்டம்பர்லேருந்து வாடகைக்குக் கேட்டுக்கினு இருக்கார். அதுக்குள்ள சொல்லணும்."

தாய்ப்பால் வாரம் முடியுமுன் காட்டியாக வேண்டும். மாவட்ட அதிகாரியும் வரதனும் ஒரே அறையில் உட்காரப்போவது அந்த ஒரு பிற்பகல்தான்.

விழா அன்று காலை கல்பனாவிடமிருந்து போன் வந்தது. எஸ்டேட் கம்பெனி ஒன்றில் வேலை செய்பவள், கைக்குழந்தைக்காரிகளைத் திரட்டி அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தவள்.

"அக்கா, பேஜாராயிட்ச்சு. கன்டெய்னர் வண்டி வந்து நிக்குது. இன்னிக்கு ஒருத்தரும் லைன விட்டு நகரக் கூடாதாம்."

"அரை மணி நேரந்தானே கல்பனா? சூப்பர்வைசர் சரின்னாரே?"

"நேத்து சரின்னாரு. இன்னிக்கு மூஞ்ச பாத்தாலே பயமா கீது."

ஏஞ்சலின் போனை வைத்தாள். சங்கக் கூடத்தில் வரிசையாகப் போட்ட நாற்காலிகள் காலியாக அவளையே பார்த்தன. அவள் தொழிலில் காலி நாற்காலியைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அதிகாரி கோபித்துக்கொள்வார், கம்பெனிக்காரர்கள் அடுத்த முறை வரமாட்டார்கள். யோசிப்பதற்கு முன்பே கை அஞ்சம்மாளின் எண்ணை அழுத்திவிட்டது. மகளிர் குழுத் தலைவி. எந்த தினமானாலும் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்குவாள்.

"சாப்பாட்டுப் பொட்லம் உண்டா கண்ணு?"

"உண்டுக்கா. சீக்கிரம் வா."

"வந்துகினே இருக்கோம்னு நெனச்சிக்கோ."

நாற்காலிகள் நிறைந்தன. ஏஞ்சலினுக்கு மூச்சு வந்தது. அதிகாரி வந்து உறுதிமொழி படித்தார். அஞ்சம்மாளின் கூட்டம் பழகிய கையை நீட்டி, பழகிய குரலில் திருப்பிச் சொன்னது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, அதிகாரி எழுதிவந்த பேச்சை மடித்து வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார்.

"இங்க கைக்குழந்தை இருக்கிறவங்க யாரு? கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

அஞ்சம்மாளுக்கு அந்த அமைதி தாங்கவில்லை. "மேடம், எங்க ஊட்டுல கடைசிப் பொண்ணுக்கே கொழந்த பொறந்துட்ச்சு. இனிமே நாங்க பெத்தா பேப்பர்லதான் போடுவாங்க."

கூடம் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். வரதன் சிரித்தபடியே சாய்ந்து சொன்னார்: "பாத்தீங்களா மேடம்? பால் குடுக்க எங்க கேன்டீன் கொட்டகையக் கேக்குறாங்க. நம்ம எஸ்டேட்ல அந்தத் தேவையே இல்ல."

அறை போயிற்று. நாற்காலியை நிரப்பப் போய் ஏஞ்சலின் தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டாள்.

"சரி, போட்டோ எடுத்துடலாம்" என்று அதிகாரி எழுந்தார். "தாயும் குழந்தையுமா ஒரு படமாவது வேணும். ஆபீஸ் குரூப்ல போடணும்."

"மேடம், போட்டோவ கம்பெனி கேட்டாண்ட எடுக்கலாம்" என்றாள் ஏஞ்சலின். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். "டீ பிரேக்குக்குக் கொழந்தைங்க வரும்."

சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. வீட்டிலிருந்து தினமும் குழந்தைகளைத் தூக்கிவருகிறவர்கள்தான். இன்று வானம் இருட்டிக்கொண்டிருந்தது. கன்டெய்னரைக் காரணம் காட்டி இடைவேளையையே நிறுத்தியிருந்தால்?

பேனரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் சாலைக்கு வந்தார்கள். கேட் மூடியிருந்தது. தூறல் விழுந்தது. அதிகாரி காரைத் தேடிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கொழந்தைங்களுக்கும் லீவா?" என்றார் வரதன்.

மணி அடித்தது.

கேட்டின் சின்னக் கதவு வழியாகப் பெண்கள் ஓடிவந்தார்கள். நடக்கவில்லை, ஓடினார்கள். எதிர்ப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது, பின்னாலேயே இரண்டு பைக்குகள். மாமியார், புருஷன், நாத்தனார் என்று ஆளுக்கொரு துணிச்சுருளை நீட்டினார்கள். கல்பனா குழந்தையை வாங்கிக்கொண்டு, நிறுத்தியிருந்த லாரிக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் இடையில் நுழைந்தாள். மற்றவர்களும் அங்கேயே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

போட்டோ எடுப்பவர் செல்போனோடு ஓடினார். "மேடம் கூட ஒண்ணே ஒண்ணு."

"பத்து நிமிஷந்தான் சார் பிரேக்கு" என்று கல்பனா திரும்பாமலே கத்தினாள். "சிரிச்சிக்கினு நின்னா இதுக்கு யாரு பால் குடுப்பா, நீயா?"

லாரிக்குள்ளிருந்து கிளீனர் எட்டிப் பார்த்தான். "இன்னாடா பாக்குற? உங்கம்மாவும் இப்டித்தான் குடுத்தா" என்று அஞ்சம்மாள் ஒரு போடு போட்டாள். பிறகு தன் கூட்டத்தை அதட்டினாள்: "அந்த பேனரப் பிரிங்கடி. மறச்சிப் புடிங்க."

கூட்டம் பேனரைப் பிரித்து லாரி ஓரமாகத் திரைபோலப் பிடித்தது. காற்றில் ஒரு மூலை படபடத்தது.

"நைனா, சும்மாதான நிக்கிற? இந்த மூலையப் புடி" என்றாள் அஞ்சம்மாள் வரதனிடம்.

வரதன் சுற்றும் முற்றும் பார்த்தார். வேறு ஆளில்லை. மூலையைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றார். உள்ளே ஒரு குழந்தை விக்கியது. தூறல் அவர் சட்டையை நனைத்தது.

அதிகாரி போட்டோக்காரரின் கையைத் தாழ்த்தினார். "விடுங்க, வேணாம்." பிறகு, "வரதன் சார், அந்தக் கொட்டகை எங்க இருக்கு?"

அவர் மற்ற கையால் காட்டினார்.

கொட்டகையைத் திறந்தபோது உடைந்த நாற்காலி, பெயின்ட் டப்பா, பொங்கல் விழாப் பானைகள். வேன் வரும்வரை சும்மா நிற்பானேன் என்று அஞ்சம்மாளின் ஆட்கள் சாமான்களை வெளியே எடுத்துப் போட்டார்கள். அதிகாரி கிளம்பினார். வரதன் பூட்டையும் சாவியையும் பையில் போட்டுக்கொண்டார்.

"சங்கத்துல பேசிட்டுச் சொல்றேம்மா."

இந்த வாக்கியத்தை ஏஞ்சலின் எத்தனையோ தினங்களில் கேட்டிருக்கிறாள். பெரும்பாலும் அதோடு சரி.

மறுநாள் இடைவேளை நேரத்துக்கு அவள் எஸ்டேட்டுக்கு வந்தாள். லாரிக்குப் பின்னால் யாரும் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் கொட்டகைக்கு வேகமாக நடந்தாள். வெளியே பூட்டு இல்லை. கதவைத் தள்ளினாள். அசையவில்லை. அட்டைப்பெட்டிக்காரர் அதற்குள் சரக்கை இறக்கிவிட்டாரா? தோளைக் கொடுத்து இன்னொரு முறை தள்ளினாள்.

"யாரது? உள்ள ஆளு கீது!" கல்பனாவின் குரல்.

"நான்தான் கல்பனா. கதவு ஏன் தெறக்கல?"

"தாப்பா போட்டுக்கீறோம்கா. காலைலதான் வரதன் சார் ஆளு வந்து புதுசா அடிச்சிட்டுப் போனான். கொஞ்சம் இரு, இவன் இப்பத்தான் வாய வச்சிக்கீறான்."

ஏஞ்சலின் கதவிலிருந்து கையை எடுத்தாள்.