சகலை காரை முந்தப் போனேன்

திருநகரில் ஆசிரியராக இருக்கும் எனக்கும், உசிலம்பட்டியில் இருக்கும் என் சகலைக்கும் ஒரே மாடல் பழைய அம்பாசிடர். அவர் கார் வழுக்கிக்கொண்டு போகும். என்னுடையது ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு நொடி திணறி, பிறகுதான் எகிறும். மாமனார் எப்போதும் அவர் காரில்தான் ஏறுவார். சகலை புது பிளக் போட்டால் நானும் போடுவேன். சீட் கவர் மாற்றினால் அதையும் மாற்றுவேன். திணறலுக்கு என்ன வழி என்று மட்டும் அவரிடம் கேட்க மாட்டேன்.

சென்ற மாதம் அழகர்கோவிலில் மச்சினன் மகளுக்குக் காதுகுத்து. போகும் வழியில் சகலை ஒரு டவுன் பஸ்ஸை முந்திப் போனார். விடுவேனா? நானும் வலப்பக்கம் ஏறி முழுசாக மிதித்தேன். வண்டி மூச்சடைத்து நின்றுவிட்டது. எதிரே லாரி. அந்த டிரைவர் மண்ணில் இறக்கி ஒதுங்கியதால் பிழைத்தோம்.

"உங்க போட்டிக்கு நாங்க சாகணுமா?" என்று மனைவி அழுதாள்.

சகலை திரும்பி ஓடி வந்தார். காரை ஓரம் தள்ளி, இன்ஜின் ஆறியதும் ஏர் ஃபில்டரைக் கழற்றினார். என்னை கார்புரேட்டருக்குள் பார்க்கச் சொல்லிவிட்டு, ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்தார்.

"இழுத்ததும் உள்ள பெட்ரோல் பீச்சி அடிக்கணும்ணே. ஒரு சொட்டு வரல பாருங்க. பீச்சுற பம்ப்போட ரப்பர் கிழிஞ்சிருக்கும். எனக்கும் இதே கோளாறுதான் இருந்துச்சு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

ரப்பரை மாற்றியதும் திணறல் போனது. இப்போதெல்லாம் வெளியூர் கிளம்புமுன் பெட்ரோல் பீச்சுகிறதா என்று பார்த்துவிடுகிறேன். மாமனார் இன்னமும் அவர் காரில்தான் ஏறுகிறார். எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால், வயிறு எரியும்போது ஆக்சிலேட்டரை மிதிப்பதில்லை.