அந்த இடத்தில் நான் அழவில்லை

எந்தப் புத்தகத்தையும் நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன். தாலுகா அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவனுக்கு வேறு முறை தெரியாது. கோப்பு கைக்கு வந்ததும் முதலில் கடைசி உத்தரவு. அது எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பதை அப்புறம் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நாவலை இப்படிப் படிப்பது பாவம் என்கிறாள் மனைவி. முடிவு தெரிந்தபிறகும் கீழே வைக்க முடியாத புத்தகங்கள் இருக்கின்றன, எனக்கு அவை போதும்.

எழுதப் பழகியதும் அங்கேதான். தாளை நெடுக்கில் பாதியாக மடிப்போம். வலப்பாதியில் வரைவு, இடப்பாதி மேலதிகாரி திருத்துவதற்கு. என் வாக்கியங்கள் எல்லாம் அவர்கள் கையெழுத்தில் வெளியே போயின. ஓய்வுபெற்று என் நினைவுகளை எழுத உட்கார்ந்தபோதும் பழக்கதோஷத்தில் தாளை மடித்தேன். இடப்பாதி காலியாகவே கிடந்தது. திருத்த மேலே யாருமில்லை என்ற சுகத்துக்காகவே இரண்டு அத்தியாயம் கூடுதலாக எழுதினேன்.

காளவாசலில் மாடியறையில் பதிப்பகம் நடத்துகிறவர் அதைப் படித்தார். போடுவதாகச் சொன்னார். ஒரே ஓர் அத்தியாயத்தில் மட்டும் விரலை வைத்தார். செத்துப்போன கணவனின் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு ஓர் அம்மா வருகிறார். மனுவில் இறப்புச் சான்று இல்லை. நான் திருப்பிக் கொடுக்கிறேன், அவர் போகிறார்.

“சார், இந்த இடத்துல நீங்க கொஞ்சம் அழுதா நல்லாயிருக்கும்.”

“நான் அன்னைக்கு அழலையே தம்பி. டீ குடிக்கப் போனேன்.”

“அதான் சார் பிரச்சனை. வாசகன் உங்கள வெறுத்துருவான். ஒரே ஒரு வரி எழுதிட்டு வாங்க, அடுத்த மாசம் புத்தகம்.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வில்லாபுரம் வீட்டுக்கு வந்து எழுதியும் பார்த்தேன். ‘அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.’ நல்ல வாக்கியம். பள்ளிக்கூடத்தில் கட்டுரை நோட்டு திருத்தியே ஓய்வுபெற்ற மனைவியிடம் நீட்டினேன்.

“இது யாருங்க?”

“நான்தான்.”

“உங்களுக்கா உறக்கம் பிடிக்கல? சாப்புட்டுக் கைய கழுவுனதும் குறட்டை விடுற ஆளு! இம்புட்டு வருஷமா பக்கத்துல படுத்துக் கெடக்கேன். வாசிக்கிறவன் நம்பலாம், நான் நம்பணும்ல?”

அந்த வரியை அடித்தேன். அடித்த கையோடு அதற்கு மேலிருந்ததையும் படித்தேன். ‘இறப்புச் சான்று இணைக்கப்படாததால் மனுவைத் திருப்பினேன்.’ எந்தத் தணிக்கை வந்தாலும் நிற்கும். அதுதான் உறுத்தியது. நாளைக்கு யாராவது கேட்டால் தப்பித்துக்கொள்வதற்காக எழுத்தர் எழுதும் வாக்கியம் அது. நான் இன்னும் அந்த மேசையிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா வாரிசுச் சான்றுக்காக முன்பே கொடுத்த மனுவில் அதே இறப்புச் சான்று இருந்தது. கோப்பு பக்கத்து மேசையில். எனக்குத் தெரியும். எழுந்து நாலடி நடந்திருந்தால் அவர் இன்னொரு தடவை பஸ் ஏற வேண்டியிருந்திருக்காது. காலியாகக் கிடந்த இடப்பாதியில் அதை எழுதினேன். அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை. எழுதியதைத் திருத்துவது என்றால் எனக்கு இதுதான். வார்த்தையைப் பளபளப்பாக்குவதற்குக் கடைகள் இருக்கின்றன.

மறுபடி காளவாசல். பதிப்பாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அழச் சொன்னா, வில்லனாயிட்டு வந்திருக்கீங்களே சார்!”

“அன்னைக்கு அப்படித்தான் தம்பி இருந்தேன்.”

“இப்படியே போட என்னால முடியாது.”

“அப்ப குடுங்க, வாரேன்.”

“ஒரு வரிக்காகப் புத்தகத்தையே விடுறீங்களா?”

“ஒரு தாள் இல்லைன்னு மனுவையே திருப்புனவன் நான். ஒரு வரிக்காகப் புத்தகத்தைத் திருப்பி வாங்க மாட்டேனா?”

தாள்கட்டை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்து இருபது பிரதி எடுத்து பைண்டு போடச் சொன்னேன். கடைக்காரர் நெடுக்கில் மடிப்பு விழுந்த பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்.

“இது எந்த ஆபீஸ்ல குடுக்கணும் சார்?”

“எங்கேயும் இல்லண்ணே. வாசிக்கத்தான்.”