வரைபடத்தில் பழைய இரும்பு

அந்த வரைபடத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அறுபதுகளில் ஒரு நாள், தங்கம் பிரித்த பிறகு மிஞ்சும் சயனைட் மண்ணைக் கொட்ட, தங்கச் சுரங்க ஆபீசுக்காரர்கள் எங்கள் இடுகாட்டைக் கேட்டார்கள். கேட்டார்கள் என்பதுகூடத் தப்பு, எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். சுரங்கத்துக்குள் பாறை சரிந்து செத்த என் அப்பா அங்கேதான் கிடந்தார்.

அண்ணனும் நானும் ஆபீசுக்கு ஓடினோம். சர்வே அதிகாரி வெள்ளைக்காரன் காலத்து வரைபடத்தை மேசையில் விரித்தார். பூமிக்குக் கீழே ஒவ்வொரு லெவலும், எலிவளை போன்ற ஒவ்வொரு பொந்தும் அதில் இருந்தன. மேலே துரைமார் டென்னிஸ் ஆடிய இடம், குதிரை லாயம். எங்கள் லைன் வீடுகள் இருந்த இடம் மட்டும் வெறும் தாள். மூன்று தலைமுறையாக நாங்கள் என்ன, ஆகாயத்திலா சோறு பொங்கினோம்?

"இதுல இடுகாடே இல்லியேம்மா. பழைய இரும்பு போட்ட இடம்னு எழுதியிருக்கு" என்றார் அதிகாரி.

"இன்னா சார் சொல்றீங்க? அது எங்க ஆளுங்க தலமாட்டுல நட்ட கம்பி சார்!" அண்ணன் அந்த எழுத்தின் மேல் விரலை ஊன்றினான்.

சுரங்கத்தில் வேலை செய்தவர் இறந்தால், பாறையைத் துளைத்துத் தேய்ந்த டிரில் கம்பி ஒன்றைத் தலைமாட்டில் நடுவது எங்கள் வழக்கம். அளக்க வந்த மகாராசன் அதைப் பார்த்திருக்கிறான். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டானா? எங்கள் பிணங்களைக் காயலான் சரக்காக எழுதிவிட்டுப் போய்விட்டான்.

"ரெக்கார்டுல இருக்கறதத்தான் நான் பார்க்க முடியும்" என்று அதிகாரி வரைபடத்தைச் சுருட்டிவிட்டார்.

அடுத்த வாரமே லாரி வந்தது. கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார்கள். அப்பாவின் கம்பியை அம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கம்மா, அது ஆபீசு சாமான்" என்றார் வாட்ச்மேன்.

"கீழ கிடக்கறவரும் ஆபீசு சாமான்தான். உசுரோட இருந்தப்ப எடுத்துக்கினீங்க, இப்ப எலும்பு மட்டும் எனக்கு எதுக்கு? அதயும் தோண்டி ஏத்திக்கினு போங்க."

லாரியில் நின்றவர்கள் அந்த ஒரு கம்பியை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு மண் வந்தது. இன்று அங்கே பெரிய மேடு நிற்கிறது. புதிய வரைபடங்களில் அந்த மேட்டைத் தவறாமல் குறித்திருக்கிறார்கள்.