ஒரு லைனுக்கு ஒரு டோக்கன்

நாப்கின் உரசித் தொடையிடுக்கில் புண் வந்தால் உட்காரவும் முடியாது, நடக்கவும் முடியாது. இதைப் படித்து முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். அம்பத்தூரில் நான் சட்டை தைக்கிற கம்பெனியில் மாதாமாதம் எனக்கு அதுதான் கதி.

எங்கள் லைன் முழுக்கப் பெண்கள், சூப்பர்வைசர் மட்டும் ஆண். கழிவறைக்குப் போக ஒரே ஒரு டோக்கன், சூப்பர்வைசர் மேசையில் தொங்கும். அதை அவரிடம் கேட்டு வாங்கினால்தான் எழுந்திருக்கலாம். கேட்கக் கூச்சப்பட்டே காலையில் வைத்ததைச் சாயங்காலம் வரை வைத்திருப்போம். அதுவும் கம்பெனி கொடுக்கும் ரோஜா வாசனை நாப்கின். ஈரம், வியர்வை, அந்தச் சென்ட் எல்லாம் சேர்ந்து தோலை உரித்துவிடும்.

ஆவடியில் டாக்டரம்மா களிம்பு எழுதிக் கொடுத்து, "வாசனை இல்லாததா வாங்கு. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்து," என்றார். வாங்குவது என் கையில் இருந்தது, வாங்கினேன். மாற்றுவது சூப்பர்வைசர் கையில் இருந்தது. வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

பக்கத்து மிஷின் அக்கா, பட்டாபிராம்காரி, என்னைப் பார்த்து, "இன்னாடி, ஒரு பக்கமா குந்திகினு கீறே?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"வேலைய வுட்டா புண்ணு ஆறிடும். வயிறு?" என்று கேட்டவள், நேரே போய் டோக்கனைக் கழற்றினாள்.

"இப்பத்தானம்மா ஒருத்தி போயிட்டு வந்தா?" என்றார் சூப்பர்வைசர்.

அக்கா லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "அண்ணாத்தே, சட்டைல கறை பட்டுரும்னு மிஷின்ல எண்ணெ தொடைக்கிற துணிய மூணு தபா மாத்தச் சொல்றே. நாங்க நாப்கின் மாத்த ஒரு தபா வுட மாட்டியா? அந்தப் பொண்ணுக்குத் தொட வெந்து பூடுச்சு."

மிஷின்கள் நின்றன. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சூப்பர்வைசருக்குக் காது சிவந்துவிட்டது. "போங்கம்மா, போங்க," என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வாய் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. திறந்தவள் அவள் ஒருத்திதான்.

டோக்கன் இப்போது அவள் மிஷினில் தொங்குகிறது. யாரும் யாரையும் கேட்பதில்லை, எடுத்துக்கொண்டு போகிறோம். எனக்குப் புண் ஆறிவிட்டது, அதே மிஷினில்தான் இருக்கிறேன்.

அன்றைக்கு அவள் டோக்கனை என் கையில் திணித்துவிட்டு, நான் பாதியில் விட்ட காலரையும் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சீக்கிரம் வாடி. எனக்கும் இன்னிக்கு ரெண்டாம் நாளு."