மேகமூட்டத்து நாளில் கட்டிய நூல்

அந்த அலுமினியக் கேன் என் முழங்கால் உயரம் இருக்கும். மூடியின் ஓரத்தில் எப்போதும் வெள்ளைப் புகை கசிந்துகொண்டிருக்கும். உள்ளே திரவ நைட்ரஜன். ஜீப்பின் பின்னிருக்கையில் மேடம் அதைத் தன் கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்காருவார். தூத்துக்குடி ஆய்வகத்திலிருந்து கயத்தாறு பக்கம் உள்ள எங்கள் கரிசல் வயலுக்குப் போய்ச் சேரும்வரை கை எடுக்க மாட்டார். வழியில் துறைமுகத்திலிருந்து பஞ்சுப் பொதி ஏற்றிய லாரிகள் எங்களைக் கடந்துபோகும். எந்த நாட்டுப் பஞ்சோ. ஒருமுறை அவற்றைப் பார்த்துவிட்டு, "நம்ம மண்ணுல இம்புட்டு நீளமா வராதான்னு கேக்கத்தானே அண்ணாச்சி இந்தக் கேனைத் தூக்கிட்டு அலையுதோம்" என்றார். அவருடைய ஆராய்ச்சி முழுவதும் அந்த ஒரு கேள்விதான்.

மேடம் என்று நான் சொன்னாலும் அவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். அப்பா கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். அந்த வீட்டில் முனைவர் பட்டத்துக்குப் படிக்க வந்த முதல் ஆள் இவர். நான் உடன்குடிப் பக்கத்துக்காரன், ஆய்வு நிலையத்தில் வயல் உதவியாளர். எதையும் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. மழை, வெயில், காற்று, எத்தனை செடி, எத்தனை பூ என்று இருபது வருடத்துக்கு மேலாக ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். அதனால்தான் பூவுக்கு நாள் குறிக்கும் வேலையை மேடம் என்னை நம்பி விட்டார்.

அந்த வேலை ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். பஞ்சின் ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு செல். விதையின் மேல்தோலில் இருந்து அது நீளத் தொடங்குவது பூ விரிகிற நாளில். எப்போது தொடங்க வேண்டும், எவ்வளவு நாள் நீள வேண்டும், எப்போது நீள்வதை நிறுத்திவிட்டுத் தடிக்க வேண்டும் என்பதையெல்லாம் சில மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. இவை தாமே இழையைக் கட்டுவதில்லை. மற்ற மரபணுக்களை எழுப்புவதும் அடக்குவதும்தான் இவற்றின் வேலை. ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில், ஒரே சாடையில், குடும்பம் குடும்பமாக இருக்கின்றன. அப்படி ஒரு குடும்பத்தைத்தான் மேடம் எடுத்துக்கொண்டார். ஒரே சாடையில் இருப்பதை எப்படிப் பிரித்து அறிவது என்று நான் கேட்டபோது சிரித்தார். "எங்க தெருவுல ஒரே புனிதர் பேருல ஏழு பேரு இருக்காங்க அண்ணாச்சி. எல்லாம் சொந்தக்காரங்க, மூக்கு முழி எல்லாம் ஒண்ணுபோலத்தான். ஆனா ஒருத்தரு விடியக்காலம் வள்ளத்துல மீன் பிடிக்கப் போவாரு, ஒருத்தரு எட்டு மணிக்கு ஹார்பருக்குப் போவாரு. எந்நேரத்துல வீட்ட விட்டு எறங்குதாருன்னு பாத்தா ஆளு யாருன்னு சொல்லிரலாம். இதுவும் அப்படித்தான். எந்த நாளு வேலைக்கு வருதுன்னு பாக்கணும்."

ஆகவே எல்லாம் நாள் கணக்கு. பூ விரிந்த நாளைப் பூஜ்யம் என்று வைத்து, அன்று காலையிலேயே காம்பில் வண்ண நூல் கட்டிவிட வேண்டும். அதிலிருந்து ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள் என்று நாள் தவறாமல் காயைப் பறித்து, விதையைப் பிரித்து, அந்த நொடியே கேனில் போட்டு உறைய வைக்க வேண்டும். இன்றைய பூ எது, நேற்றைய பூ எது என்பதில் குழப்பம் வராது. பருத்திப்பூ முதல் நாள் பால் வெள்ளையாக விரியும், மறுநாள் சிவந்து கூம்பிவிடும். நான் பார்த்துப் பழகிய அடையாளம் அது. அதற்கு மேல் எதையும் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன்.

இரண்டு ரகங்கள் போட்டிருந்தோம். ஒன்று நீண்ட இழை, மற்றது குட்டை இழை. கிறிஸ்துமஸ் அன்று விடுமுறை. நான் வயலுக்குப் போகவில்லை. மேடம் முந்தின நாளே ஒரு டப்பா மக்ரூன் இனிப்பு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். மறுநாள் காலை நான் தனியாக நீண்ட இழைப் பாத்திக்குப் போனேன். இரண்டு நாளாக வானம் மூடிக் கிடந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. செடியில் வெள்ளைப் பூக்கள் நிறைய இருந்தன, பல பூக்கள் பாதிதான் விரிந்திருந்தன. மேகமான நாளில் பூ மெதுவாகத்தான் விரியும் என்று எண்ணி மஞ்சள் நூலைக் கட்டிக்கொண்டே போனேன்.

களையெடுக்க வருகிறவர்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர்தான், ஆனால் என் வேலையை மதித்து என்னை அண்ணாச்சி என்பார். அவர் பக்கத்து வரிசையில் இருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, அது நேத்துப் பூவுல்லா?"

"செவக்கலையே, பாக்கலையா?"

"வெயிலே அடிக்கல, எப்படிச் செவக்கும்? நீங்க வேணா மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சுப் பூசிச் செவக்க வையுங்க."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "களையப் பாருக்கா" என்றேன். நானூறு பூக்களுக்கும் நூல் கட்டி முடித்தேன். அன்றைய நாட்குறிப்பில் மேகமூட்டம், காற்று வடகிழக்கு, பூ நானூறு என்று எழுதினேன். அக்கா சொன்னதை எழுதவில்லை. மறுநாள் நன்றாக வெயில் அடித்தது. குட்டை இழைப் பாத்தியில் ஒரு பிசகும் இல்லாமல் கட்டினேன்.

வைகாசி வாக்கில் மேடம் என்னை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டுக் கணினித் திரையைக் காட்டினார். இரண்டு கோடுகள். குட்டை இழை ரகத்தில் ஒரு மரபணு எழும் நாளுக்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பே, நீண்ட இழை ரகத்தில் அது எழுந்துவிடுகிறது. "ஒரு நாளு முந்துது அண்ணாச்சி. அந்த ஒரு நாளுதான் நீளமே" என்றார். நான் நல்லது என்றேன். ஒரு நாள் என்ற சொல் காதில் விழுந்ததுமே அக்கா அன்று கேட்டது நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து டிசம்பர் பக்கங்களைப் புரட்டினேன். இருபத்தைந்து, விடுமுறை. இருபத்தாறு, மேகமூட்டம். முந்தின நாள் விரிந்து, வெயில் படாததால் சிவக்காமல் நின்ற பூக்களுக்கும் நான் அன்றைய நூலைக் கட்டியிருக்கிறேன். அந்த ரகம் முந்திக்கொள்ளவில்லை, நிறையப் பூக்களின் வயதை நான்தான் ஒரு நாள் குறைத்து எழுதிவிட்டேன்.

பதினொரு நாள் சொல்லாமல் இருந்தேன். என்ன நினைத்தேன் என்று இன்றும் ஒழுங்காகச் சொல்ல வராது. எத்தனை பூ அப்படி என்று உறுதியாகத் தெரியாதே, ஒருவேளை முடிவு மாறாதே என்று எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். ஒன்பதாம் நாள் அவர் கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்கில் அந்த இரண்டு கோடுகளையும் காட்டிப் பேசிவிட்டு வந்தார். நல்ல வரவேற்பு. ஒரு பெரிய ஆய்வாளர் எழுந்து வந்து கைகொடுத்தாராம். அதைக் கேட்ட பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினொன்றாம் நாள் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்துச் சொன்னேன். அக்கா சொன்னதையும் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க படம் காட்டுன அன்னைக்கே, மேடம்."

"கோயம்புத்தூருக்கு முன்னாடியே."

"ஆமா."

"தப்பு எல்லாருக்கும் வரும் அண்ணாச்சி. மேகத்துக்கு நீங்க என்ன செய்விய. ஆனா அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அம்புட்டுப் பேரு முன்னாடி நின்னு பேசுன எனக்கு மட்டும் தெரியல." நாட்குறிப்பை மூடி என் பக்கம் தள்ளி, "நீங்க போங்க" என்றார்.

கருத்தரங்கு நடத்தியவர்களுக்கும் கைகொடுத்த அந்த ஆய்வாளருக்கும் அன்று மாலையே எழுதினார். பிழை வயலில் நடந்தது, பொறுப்பு தன்னுடையது என்று எழுதியிருந்தார். என்னைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. அனுப்பும் முன் எனக்குப் படித்துக் காட்டினார். அதைவிட இரண்டு அடி அடித்திருக்கலாம்.

அடுத்த பருவத்தில் மறுபடியும் விதைத்தோம். மேடத்தின் உதவித்தொகைக் காலம் பாதியில் முடிந்துவிட்டது. மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு, தினமும் முதல் பஸ்ஸில் தூத்துக்குடியிலிருந்து வந்து இறங்குவார். கிறிஸ்துமஸ் அன்றும் காலைப் பூசை முடிந்த கையோடு, பண்டிகைச் சேலையிலேயே வந்து பூக்களுக்கு நூல் கட்டினார். அவர் வீட்டில் அதை என்னவென்று எடுத்துக்கொண்டார்களோ தெரியாது. ஒவ்வொரு பூவுக்கும் அவர்தான் கட்டினார். நான் நூல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். சந்தேகம் வந்தால் அக்காவைக் கூப்பிட்டார். அக்கா இதழைத் தொட்டுப் பார்த்து, "இது இன்னைக்கு, இது நேத்து" என்று சொல்லச் சொல்லக் கட்டினார். என்னிடம் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்பார். பூவைப் பற்றி மட்டும் கேட்க மாட்டார்.

முடிவு வந்தபோது இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு நாள் வித்தியாசம் இல்லை. அவருடைய கண்டுபிடிப்பும் இல்லாமல் போனது. அந்தக் குடும்பத்து மரபணுக்கள் எந்தெந்த நாளில் எழுகின்றன என்ற ஒரு பட்டியலாக அவருடைய ஆய்வேடு முடிந்தது. சரியான பட்டியல், ஆனால் யாரும் எழுந்து வந்து கைகொடுக்கும்படியானது அல்ல. பட்டம் வாங்கி வடக்கே ஒரு கல்லூரிக்குப் போய்விட்டார். நான் இன்னும் இதே வயலில்தான் இருக்கிறேன். இப்போது வருகிற மாணவர்கள் நூல் கட்டிய கையோடு ஒவ்வொரு பூவையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். யாருடைய கண்ணையும் அவர்கள் நம்ப வேண்டியதில்லை.

சென்ற மாதம் நிலையத்து நூலகத்தை ஒழுங்கு செய்யும்போது அந்த ஆய்வேடு கையில் கிடைத்தது. நன்றி சொல்லும் பக்கத்தில், பூவின் வயதைச் சரியாகச் சொன்னவர் என்று அக்காவின் முழுப் பெயரையும் ஊரையும் எழுதியிருந்தார். அதை வயலுக்கு எடுத்துப் போய் அக்காவிடம் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் விரலை வைத்துப் படித்து அர்த்தம் சொன்னேன். அவர் தன் பெயர் இருந்த இடத்தைப் புறங்கையால் தடவிப் பார்த்தார்.

"ஒங்க பேரு எங்கன இருக்கு அண்ணாச்சி?"

"கீழ இருக்குக்கா" என்றேன்.

கீழே டிரைவரின் பெயர் இருந்தது, ஆய்வக உதவியாளர்களின் பெயர்கள் இருந்தன. என் பெயர் எங்கும் இல்லை. அன்றைய நாட்குறிப்பில் வெயில், காற்று தெற்கு என்று எழுதினேன். அதன் கீழே அக்கா கேட்டதையும் நான் சொன்ன பொய்யையும் எழுதினேன்.