மரம் குடிக்கும்

சுகுணாவுக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. மணமேல்குடிக்குத் தெற்கே மூன்றாவது கிராமம், கீழத்தெரு. நாற்பத்து மூன்று வயது. தெருவிளக்கு எரியவில்லை என்று தாலுகா ஆபீஸில் ஒரு மனு, ரேஷன் கடை திறக்கவில்லை என்று ஒரு மனு. கணவன் எழிலரசனுக்கு ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி வேலை. அவனும் அவளிடம் அளந்துதான் பேசுவான்.

அவளுடைய அப்பா, சாவு வீடுகளுக்குப் போகும் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். இவள் புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் போய் மூன்று வருஷம் நாகஸ்வரம் படித்துச் சான்றிதழ் வாங்கினாள். முதல் நாகஸ்வரம் ஆச்சா மரம். கடல் காற்றில் இரண்டாம் வருஷமே நெடுக வெடித்தது. அதை அளவுக்கு வைத்து, மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் லேத்துப் பட்டறையில் கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒன்று கடைந்து வாங்கினாள். பதினொரு வருஷமாக அதுதான். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும். வெடிக்கவில்லை. ஊரில் அதற்குப் பெயர் போர் பைப்பு.

"போர் பைப்பு போகுது, தண்ணி வருமான்னு கேளுடா," என்பார்கள் டீக்கடையில்.

"ஒங்கப்பன் சாவுக்கு வாரேன். அப்பக் கேளு."

அம்மன் கோயில் திருவிழாவுக்கு இரண்டு நாகஸ்வரம் வேண்டும். மேலத்தெரு அய்யாக்கண்ணு முப்பத்தைந்து வருஷமாக வாசிக்கிறார். அவரோடு ஜோடியாக வாசிப்பவர் இந்த வருஷம் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். வைகாசி முகூர்த்தக் காலம், வெளியூரிலும் ஆள் இல்லை. சுகுணா கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தாள். கீழத்தெருவிலிருந்து யாரும் அந்தக் கோயிலுக்குள் நின்று வாசித்ததில்லை. கமிட்டித் தலைவர் செந்தமிழன் மனுவுக்குப் பயந்து சரி என்றார்.

கொடியேறிய அன்று காலையில் அய்யாக்கண்ணுவுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டியவர் பத்து நாள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, ஒத்துக்கொண்ட கோயில் வேலையை விடவும் கூடாது. அடுத்து சுகுணா கையை நீட்டினாள். அய்யாக்கண்ணு வாயைத் திறந்தார்.

"கட்டாதீங்க. பைப்பு கூட நான் சேர்ந்து வாசிக்க மாட்டேன். மரத்துக்குத்தான் நாதம். பிளாஸ்டிக் கத்தும்."

செந்தமிழனுக்கு நிம்மதியாக இருந்தது. இது மனு எழுதக்கூடிய காரணம் இல்லை.

"வித்வான் சொல்றாரும்மா. நான் என்ன செய்ய?"

"காதை வச்சிக் கேளுங்க. உள்ள நின்னு வாசிக்கிறோம். எது மரம், எது பைப்புன்னு வெளியே இருந்து சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டீங்கன்னா போயிர்றேன்."

மடப்பள்ளிக்குள் இருவரும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே மண்டபத்தில் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர். ஒருவர் பின் ஒருவராக வாசித்தார்கள். ஐந்து பேரும் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

"பைப்பு தனியாத் தெரியுதேம்மா," என்றார் செந்தமிழன்.

சுகுணா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "ஒங்களுக்குத் தெரிஞ்சது பைப்பு இல்லைங்க, நானு. அவரு மூச்சு வேற, என் மூச்சு வேற. சீவாளி வேற." உதட்டில் வைக்கும் நாணல் துண்டைக் கழற்றிக் காட்டினாள். "சத்தம் பொறக்குறது இதுல. குழலை மாத்திக்குவோம். அவருதை நான் வாசிக்கிறேன்."

"எச்சி," என்றார் அய்யாக்கண்ணு.

பூக்கட்டிக்கொண்டிருந்த சொர்ணம் கையை நிறுத்தினாள்.

"கழுவிக்கிடலாமே அண்ணே," என்றார் கமிட்டியில் ஒருவர்.

"எப்படிக் கழுவுவ? மரம் குடிக்கும்யா. ஊதுற எச்சியெல்லாம் உள்ள எறங்கி ஊறிப்போவும். ஆத்துத் தண்ணி பூராத்தையும் ஊத்துனாலும் போவாது. இவ வாய் வச்ச தண்ணி என் குழல்ல எறங்கவா?"

சுகுணா சிரித்தாள். அவள் சிரிப்பதை அந்த ஊர் அதிகம் பார்த்ததில்லை.

"சரி, ஒங்களுதை நான் தொடலை. என்னோடதை நீங்க வாசிங்க. பிளாஸ்டிக் எதையும் குடிக்காது. கழுவுனாப் போயிரும். ஒங்க சீவாளியவே மாட்டிக்கங்க."

அய்யாக்கண்ணு செந்தமிழனைப் பார்த்தார். செந்தமிழன் கொடிமரத்தைப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்ல அய்யாக்கண்ணுவிடம் காரணம் மிச்சமில்லை.

கழுவச் சொன்னார். சொர்ணம்தான் கழுவினாள். பாத்திரம் விளக்கும் பவுடர் போட்டு ஒரு தடவை, மஞ்சள் தண்ணீரில் ஒரு தடவை, கோயில் கிணற்றுத் தண்ணீரில் ஒரு தடவை. அவர் விரல் விட்டு எண்ணினார். சுகுணா பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுபடியும் மடப்பள்ளி. இந்தத் தடவை வாசிப்பது அவர் ஒருவர்தான், இரண்டு குழலிலும். கறுப்புக் குழலில் அவர் வேண்டுமென்றே பிசிறடித்தால் கதை முடிந்தது. அது அவருக்கும் தெரியும்.

சுகுணா சுவரோரமாக நின்று தணிந்த குரலில் சொன்னாள். "தாராளமாப் பிசிறடிங்க. பைப்புன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். அய்யாக்கண்ணுக்கு வயசாயிருச்சு, மூச்சு போச்சும்பான். அடுத்த வருஷம் புது ஆளு பாப்பாங்க."

"வெளிய போடி."

"போறதுக்கா வந்தேன்?"

அவர் கல்யாணி ராகத்தை எடுத்தார். முதலில் தன் குழலில். பிறகு சீவாளியைக் கழற்றிக் கறுப்புக் குழலில் மாட்டி, அதே பிடியை, அதே நீளத்துக்கு. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு இடத்திலும் பிசிறில்லை.

கதவு திறந்தது. ஐந்து பேரில் இருவர் இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறது என்றார்கள். மூவர் இரண்டாவதுதான் மரம் என்றார்கள். செந்தமிழன் அந்த மூவரில் ஒருவர்.

"ரெண்டாவது ஆச்சா மரம். பழைய வீட்டு உத்திரத்துல கடைஞ்சதுல்ல, அந்தக் கனம் கேட்டாலே தெரியுதே!"

அய்யாக்கண்ணு கறுப்புக் குழலோடு வெளியே வந்து நின்றார். சீவாளி அதில்தான் இருந்தது. அதைக் கழற்றிக்கொண்டு குழலைத் தரையில் வைத்தார். அவள் கையில் கொடுக்கவில்லை.

"என்ன, கட்டலாமா காப்பு?" என்றாள் சுகுணா.

"வாம்மா," என்றார் செந்தமிழன், கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டு.

"இருங்க. வாரேன்."

குழலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். சொர்ணத்திடம் பவுடரை வாங்கினாள். உள்ளே துணி விட்டு இழுத்தாள். பவுடரில் ஒரு தடவை. மஞ்சள் தண்ணீரில் ஒரு தடவை. கிணற்றுத் தண்ணீரில் ஒரு தடவை. பிறகு கிணற்றுத் தண்ணீரிலேயே இன்னொரு தடவை. எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

"என்னம்மா இது? பெரிய மனுஷன் வாய் வச்சது..." என்றார் செந்தமிழன்.

"பிளாஸ்டிக்தானேங்க. கழுவலாம்."

அய்யாக்கண்ணு துண்டை உதறிக் கிளம்பினார். நாலு எட்டு வைத்த பிறகுதான் மணிக்கட்டு மஞ்சள் கயிறு ஞாபகம் வந்தது. நின்றார். திரும்பி வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் சாமி புறப்பாடு. தவிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். பத்து நாளும் தவில்காரர் வழியாகத்தான் பேச்சு.

"அடுத்தது என்னன்னு கேளு."

"அவரு ஆரம்பிக்கட்டும்னு சொல்லு."